மருந்துக்குக்கூட இல்லை

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
செத்செர்லெக் மருத்துவமனையின் இரவுப்பணி அறையில்
ஜன்னலின் உட்புறமும் பனி பூத்திருக்கிறது.

ஆய்வகத்திலிருந்து தொல்கோர்
மூன்று மாடி ஏறி வந்தாள்.
தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
என் தேநீர்க் கோப்பையை முதலில் அப்புறப்படுத்தினாள்.
பிறகு, மூடி ஒட்டிய கண்ணாடி வட்டை
உறையணிந்த கையால்
விளக்குக்கு நேரே பிடித்தாள்.

வெளிர்மஞ்சள் கூழில் ஆறு வெள்ளை வில்லைகள்,
ஆறு மருந்துகள்.
ஒவ்வொன்றையும் சுற்றி
ஒரு தெளிந்த வளையம் இருக்க வேண்டும்,
கிருமி அஞ்சி விலகி நின்ற தூரம்.
இல்லை.
மருந்துக்குக்கூட இல்லை.
வில்லையின் விளிம்புவரை வந்து
முகத்தை முட்டி மேய்ந்திருக்கிறது.

நான்காம் படுக்கை உத்வல்.
முப்பத்துநான்கு வயது, பள்ளியில் கணக்கு சொல்லித்தருபவள்.
சிறுநீரகத்தில் தொற்று, ஐந்தாம் நாள் காய்ச்சல்.
அவளுடைய பச்சை அட்டை நோட்டைப் புரட்டினேன்.
சளி. தொண்டைக் கரகரப்பு. சளி.
விருந்துக்குப் போய்வந்த வயிற்றுப்போக்கு. மறுபடி சளி.
எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பதில்,
ஒன்பது முறை.
ஐந்தில் என் கையெழுத்து.
எனக்கே புரியாது என்று தாதிகள் கேலி செய்யும் கையெழுத்து,
அன்றைக்கு அச்சடித்ததுபோல் இருந்தது.

"எது என்று தேடாதே," என்றாள் தொல்கோர்.
"இதில் யார் பெயரும் எழுதியிருக்காது.
நான் ஏழு வருடமாகக் கீழே உட்கார்ந்து எண்ணுகிறேன்.
யாராவது ஒருவர் மேலிருந்து இறங்கி வருவீர்கள் என்று நினைத்தேன்."

கைராசிக்காரர் என்று எனக்கு
இந்த மலைச்சரிவு முழுக்கப் பெயர்.
ராசி எதில் இருந்தது என்று இப்போது தெரிகிறது:
இல்லை என்று சொல்லாததில்.

உத்வலுக்கு இன்னும் ஒரு மருந்து மிச்சம்,
தலைநகரில் இருக்கிறதாம்.
கணவாய் திறந்தால் நாளை வண்டி வரும்.

இரண்டு மணிக்கு சோத்னோம்.
தொண்ணூறு கிலோமீட்டர் ரஷ்ய வேனில் குலுங்கி வந்தவர்.
தோளில் மகன் தெமூலென், மூக்கு ஒழுகுகிறது,
இருமுகிறான், இருமலுக்கு நடுவில் சிரிக்கிறான்.
நெஞ்சு சுத்தம். மூச்சு சீர்.
மேசையில் உலர்ந்த தயிர்க்கட்டி ஒரு பை.
"ஊசி போட்டுவிடுங்கள் டாக்டர், விடிவதற்குள் திரும்பணும்,
மந்தையைத் தனியே விட்டு வந்திருக்கேன்."

பேனா தானாகவே தாளைத் தொட்டுவிட்டது.
எழுதப் பத்து நொடி.
எழுதாமல் இருக்க நாற்பது நிமிடம் ஆனது.
விலா உள்ளிழுத்தால் எப்படி இருக்கும் என்று
என் சட்டையைத் தூக்கிக் காட்டினேன்.
ஒரு நிமிடத்தில் எத்தனை மூச்சு,
எண்ணச் சொல்லிக்கொடுத்தேன்; அவர் இரண்டு முறை தப்பவிட்டார்.
என் எண்ணை எழுதிக் கொடுத்தேன்.
"மேட்டில் ஏறினால்தான் சிக்னல்," என்றார்.
"ஏறுங்கள். எந்நேரமும்."

கதவருகே நின்று கேட்டார்:
"கொடுக்க ஒன்றுமில்லை என்றால் டாக்டர் எதற்கு?"
கோபமில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள.
தேர்வில் யாரும் கேட்காத கேள்வி.
தயிர்க்கட்டிப் பையை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.
அதுதான் உறுத்துகிறது.

விடிகிறது.
கண்ணாடியில் மூச்சுவிட்டு உள்ளங்கையால் தேய்த்தேன்.
பனியில் ஒரு வளையம் தெளிந்தது.
அதன் வழியே எதிர்ச்சாரி மருந்துக்கடை,
விளக்கு எரிகிறது,
வேன் வாசலில் நிற்கிறது, எஞ்சின் அணையாமல்.
உயங்காவின் கை அலமாரிப் பக்கம் போகிறது.
நிற்கிறது.

என் மேசையில் தொலைபேசி அடிக்கிறது.
தலைநகரா, எதிர்க்கடையா,
எடுத்தால்தான் தெரியும்.